அத்தியாயம் 9: கிளட்ச் சென்டர் நட் கழலாமல் நிற்க

கேபிளை இன்று சரியாக வைக்கிறீர்கள். இரண்டு நாளில் லீவர் மறுபடி தொளதொளவென்று ஆகிவிடுகிறது, அல்லது விறைத்துக்கொள்கிறது. மறுபடி அட்ஜஸ்டரைத் திருகுகிறீர்கள். ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படித் திருக வேண்டிவந்தால் கேபிளைக் குறை சொல்வதை விட்டுவிடுங்கள். புதுக் கேபிள் முதல் சில நாள் கொஞ்சம் இழுபடும், பிறகு நின்றுவிடும். பழைய கேபிள் ஒரு முனையில் இழை இழையாகப் பிரிந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால் என்ஜினுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அது கிளட்ச் சென்டர் நட்டாக இருக்கலாம்.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கக் கவருக்குள், ஆயிலில் நனைந்தபடி இருக்கிறது கிளட்ச். புல்லட்டின் பழைய வகைகளில் அது இடது பக்கம். கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் முனையில் பள்ளமும் மேடுமாக வெட்டியிருப்பார்கள். அதில் கிளட்ச் சென்டர் (ஹப் என்றும் சொல்வார்கள்) செருகி உட்கார்ந்திருக்கும். அது வெளியே வராமல் ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிப்பதுதான் சென்டர் நட். சில சிறிய வண்டிகளில் நட்டே இருக்காது, சர்க்ளிப் போட்டிருக்கும். அந்த வண்டிக்காரர்கள் ஸ்பிரிங் போல்ட் பகுதிக்குப் போய்விடலாம்.

நட் பின்வாங்கினால் சென்டர் வெளிப்பக்கம் நகரும். அதோடு சேர்ந்து பிளேட்டுகளும் நகரும். இங்கேதான் லீவர் நமக்குச் செய்தி சொல்கிறது. கிளட்சை விடுவிக்கும் நெம்பு கவரிலிருந்து உள்ளே தள்ளும் வண்டிகளில், சென்டர் வெளியே வர வர அதற்கும் நெம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறையும். லீவரில் பிளே குறைந்து கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கும். ஷாஃப்டின் நடுவே ஓடும் நீளக் கம்பி மறுபக்கத்திலிருந்து தள்ளுகிற வண்டிகளில் நேர் எதிர்: பிளே கூடிக்கொண்டே போகும், கிளட்ச் முழுதாக விடாது, சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழ மறுக்கும். ஆகவே உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிளே எந்தத் திசையில் மாறுகிறது என்பதை மூன்று நாள் தாளில் குறித்து வையுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்பது சாதாரண அளவு. தினமும் காலையில், என்ஜின் சூடாவதற்கு முன் அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நியூட்ரலில் ஓடும்போது கடகடவென்று ஒலித்து, லீவரைப் பிடித்ததும் அடங்குகிற சத்தம் கிளட்ச் ஹவுசிங்கின் ரப்பரோ ஸ்பிரிங்கோ தளர்ந்தாலும் வரும். ஆனால் ஆயில் மாற்றும்போது வடிந்த ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால், அன்றைக்கே கவரைத் திறந்துவிடுங்கள். கழன்ற நட் கவரின் உள்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்திருக்கலாம்.

நட் ஏன் கழல்கிறது

பட்டறையில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "லாக் சரியா போடல" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை லாக் போட்டாலும் நட் மறுபடி கழலும்.

நட்டை இறுக்கும்போது நடப்பது என்ன? ஷாஃப்டின் மரைப் பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. இழுத்த ரப்பர் மாதிரி அது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம்தான் சென்டரை நட்டுக்கும் உள்ளே இருக்கும் வாஷருக்கும் நடுவில் நசுக்கிப் பிடிக்கிறது. நட் நிற்பதே இந்தப் பிடியால்தான். பிடி போதிய அளவு இருக்கும்வரை பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. வழுக்காதவரை நட் திரும்பாது.

இனி அந்த இடத்தில் விழும் அடியைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், நொடிக்கு 25 முறை வெடிக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 50 முறை. ஒவ்வொரு வெடிப்பும் கிளட்ச் வழியாகத்தான் கியர் பாக்ஸுக்குப் போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் விசை திரும்பி, சக்கரம் என்ஜினைத் தள்ளுகிறது. சென்டர் ஷாஃப்டின் பள்ளத்துக்குள் ஒரு பக்கம் மோதி, மறுகணம் அடுத்த பக்கம் மோதுகிறது. நகர வண்டியில் இது நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் 1969-இல் இதைச் சோதித்து வெளியிட்டார். போல்ட்டின் நீளவாக்கில் ஆட்டுவதைவிட, குறுக்குவாக்கில் ஆட்டும்போதுதான் நட் வேகமாகக் கழல்கிறது என்று காட்டினார். பரப்புகள் பக்கவாட்டில் ஒரு மயிரிழை வழுக்கினால் போதும். அந்தக் கணத்தில் மரையின் உராய்வு பிடியை இழக்கிறது, மரையின் சரிவு நட்டைப் பின்னோக்கித் திருப்பிவிடுகிறது. இன்றைக்கும் அவர் பெயரால் வழங்கும் சோதனை எந்திரத்தில்தான் லாக் வகைகளைச் சோதிக்கிறார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு எல்லா நட்டுக்கும் போடும், ஓரிடத்தில் வெட்டுப்பட்ட ஸ்பிரிங் வாஷர் அந்த எந்திரத்தில் நட்டைக் காப்பாற்றுவதில்லை. நட்டை இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷர்போலக் கிடக்கிறது. அதை நம்பிக் கிளட்சை மூடாதீர்கள்.

ஆக, முதலில் பிடி. பிறகுதான் லாக்.

என் கையால் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றுக்குக் கிளட்ச் பிளேட் மாற்றினேன். சென்டரையும் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டேன். நட்டுக்கு அடியில் இருந்த காது வைத்த லாக் வாஷர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மடங்கியிருந்த காதைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அதையே திரும்ப மடித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திண்டிவனம் தாண்டி இரவில் போகும்போது கியர் எதுவும் விழவில்லை. லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், சாலையோரம் ஒரு சிறிய பட்டறை வாசலில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வந்த மெக்கானிக் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். கவரைக் கழற்றினார். நட் மூன்று மரை பின்வாங்கி நின்றது. லாக் வாஷரின் காது ஒடிந்து ஹவுசிங்குக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மடிச்ச இடத்தப் பாருங்க தம்பி. ரெண்டு தடவ மடிச்சது." ஒடிந்த விளிம்பில் பாதி கறுப்பாகவும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. கறுத்த பாதி நான் தட்டியபோதே விரிசல் விட்டது, பளபளத்த பாதி நேற்றிரவு ஒடிந்தது. பிறகு அவர் காட்டியதுதான் என்னை அதிகம் உறுத்தியது. சென்டரின் முகத்தில், வாஷர் உட்காரும் இடத்தில், ஒரு சிறு துண்டு பழைய பேக்கிங் நசுங்கி ஒட்டியிருந்தது. கவரிலிருந்து சுரண்டும்போது விழுந்ததாக இருக்க வேண்டும். "இத வெச்சுத்தான் நீங்க டைட் பண்ணிருக்கீங்க. இது நசுங்க நசுங்க நட்டு லூசாயிடும். காது என்ன பண்ணும் பாவம்?"

அந்த வாஷரை இன்றும் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

லாக் வகைகள்

உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதையே திரும்பப் போடுங்கள். வகை மாற்றாதீர்கள்.

காது வாஷர்: அதன் ஒரு நாக்கு சென்டரின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், இன்னொரு காதை நட்டின் தட்டைப் பக்கத்தில் மடிக்க வேண்டும். நட் திரும்பாமல் தடுக்கும், பிடியைத் தராது. ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். மடிக்காத காது மிச்சம் இருந்தால்கூடப் பழையதை நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

குழி வாஷர்: லேசாகத் தட்டு மாதிரி குவிந்திருக்கும். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் இதன் ஒரு முகத்தில் 'அவுட்சைடு' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அந்த முகம் வெளியே, நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். பொறிப்பு இல்லையென்றால் குவிந்த பக்கம் நட்டைப் பார்க்கும். இதைத் திருப்பிப் போட்டுவிட்டு, லாக் வாஷரை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, ஏன் கழல்கிறது என்று மூளையைக் குழப்பிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குத்தி மடக்கும் நட்: நட்டின் விளிம்பு மெல்லிய கழுத்துபோல் நீண்டிருக்கும். இறுக்கிய பிறகு அந்தக் கழுத்தை ஷாஃப்டிலுள்ள பள்ளத்துக்குள் பஞ்ச் கருவியால் குத்தி மடக்குவார்கள். கழற்றும் முன் மடங்கிய இடத்தை நிமிர்த்த வேண்டும், இல்லையேல் ஷாஃப்டின் மரை போய்விடும். கழற்றிய நட்டுக்கு மறுவாழ்வு கிடையாது. புது நட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இடது மரை: ஹார்லி டேவிட்சனின் பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கிளட்ச் ஹப் நட் இடது மரையில் இருக்கும். கழற்ற வேண்டுமானால் கடிகார முள் ஓடும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் குழாய் மாட்டி நெம்பினால் ஷாஃப்ட் செலவு வரும். எந்த வண்டியானாலும் ஸ்பானர் வைக்கும் முன் வெளியே தெரியும் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிரிட்டனின் பழைய ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளில் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நட்டுகளின் அடியில் ஒரு சிறு புடைப்பு வைத்திருந்தார்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று முனை அந்தப் புடைப்பில் இடித்துக்கொள்ளும், நட் பின்னோக்கித் திரும்பாது. கழற்றும்போது ஒரு மெல்லிய தகட்டை உள்ளே விட்டு ஸ்பிரிங் முனையை விலக்க வேண்டும். வாஷரும் இல்லாமல் பசையும் இல்லாமல் ஸ்பிரிங்கையே காவலுக்கு வைத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேலை

சூடான என்ஜினில் கை வைக்காதீர்கள். ஆயிலை வடித்துவிடுங்கள். வடிக்க மனமில்லையென்றால் வண்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்த்து ஏதாவது ஒன்றின் மேல் தாங்கவைத்தால் வலது கவரைத் திறக்கும்போது ஆயில் கொட்டாது. ஆனால் நட் கழன்ற சந்தேகத்தில் திறக்கிறீர்கள் என்றால் ஆயிலை வடிப்பதுதான் முறை. அதில் என்ன மிதக்கிறது என்று பார்க்க வேண்டுமே.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிர் எதிராக, ஒவ்வொன்றும் அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில், எந்த முகம் வெளியே தெரிய இருந்தன என்பது சாயங்காலம் நினைவுக்கு வராது.

இனி சென்டரைத் திரும்பாமல் பிடிக்க வேண்டும். இங்கேதான் அதிக நாசம் நடக்கிறது. இரண்டு கியர் பல்லுக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகுவார்கள், பல் உதிரும். சென்டரின் அலுமினிய விளிம்பில் உளியை வைத்து நெம்புவார்கள், விளிம்பு ஒடியும். கியரில் போட்டுப் பின் பிரேக்கை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் நட்டைத் திருப்புவது சிறிய வண்டிக்குப் பரவாயில்லை, ஆனால் மொத்த விசையும் செயினையும் கியர் பாக்ஸையும் சுற்றிக்கொண்டு போகிறது.

நான் செய்வது இது. தேய்ந்துபோன ஒரு இரும்பு கிளட்ச் பிளேட்டை எடுத்து, அதன்மேல் இரண்டு அடி நீளத்துக்குத் தட்டைப் பட்டை ஒன்றை வெல்டிங் பட்டறையில் பற்றவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட்டின் உள்பற்கள் சென்டரில் அப்படியே பொருந்தும். பட்டையின் நுனியை ஃபுட் ரெஸ்ட்டில் முட்டுக்கொடுத்தால் சென்டர் அசையாது. ஒரு பல்லில் எல்லா விசையும் போகாமல் சுற்றிலும் பரவிவிடும். வெல்டிங் சூட்டில் பிளேட் கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை. இதற்கு ஆகும் செலவு ஒரு கிளட்ச் சென்டரின் விலையில் சிறு பங்குதான், ஆயுள் முழுக்க வரும்.

நட் அறுகோணமாக இருந்தால் சாக்கெட் போதும். சுற்றிலும் நான்கு வெட்டு உள்ள வட்ட நட்டாக இருந்தால் அதற்கென்றே நான்கு கால் சாக்கெட் கடையில் கிடைக்கும். வாங்குங்கள், அல்லது பழைய பாக்ஸ் ஸ்பானரை லேத்தில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றிய நட்டை உடனே அடையாளம் தெரியும்: வெட்டுகளின் ஒரு பக்கம் நசுங்கிப் பூப்போல விரிந்திருக்கும். அந்த நட் எவ்வளவு இறுக்கத்தில் இருந்தது என்று அதைத் தட்டியவருக்கும் தெரியாது.

கழற்றியாயிற்று. இப்போது அவசரப்படாமல் பாருங்கள். சென்டரைத் தனியாக ஷாஃப்டில் செருகி, கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். இலேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். டக் டக் என்று மோதும் ஆட்டம் இருந்தால் பள்ளங்கள் தேய்ந்துவிட்டன. நகத்தால் பள்ளத்தின் பக்கச் சுவரை வருடினால் படி மாதிரி தட்டும். இந்தச் சென்டரை வைத்துக்கொண்டு நட்டை என்ன செய்தாலும் நிற்காது. சென்டரை மாற்றுங்கள், ஷாஃப்டும் படி விழுந்திருந்தால் அதுவும் போக வேண்டியதுதான். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, வேறு வழி இல்லை. பின்னால் இருக்கும் திரஸ்ட் வாஷர் நீலம் பாய்ந்திருக்கிறதா, அதில் வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லா முகங்களையும் பெட்ரோலில் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்து, பிறகு விரல் நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய மணலும் பிசிறும் விரலுக்குத் தப்பாது. பெட்ரோல் வைத்துக் கழுவும் இடம் திறந்த வெளியாக இருக்கட்டும். அருகில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

எவ்வளவு இறுக்கம்

ஸ்பானரில் நாம் கொடுக்கும் விசையில் சுமார் பாதி நட்டின் அடிமுகத்து உராய்வுக்கும், பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வுக்கும் போய்விடும். பத்தில் ஒரு பங்குதான் பிடியாக மாறும். மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் அந்த ஒரு பங்கிலும் கை வைத்துவிடும். ஸ்பானர் இறுகியது மாதிரியே தெரியும், உள்ளே பிடி இருக்காது. மரையில் ஆயில் தடவினால் நேர் எதிர், அதே விசையில் பிடி அதிகமாகும். ஆகவே உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் ஆயில் தடவச் சொன்னால் தடவுங்கள், உலர வைக்கச் சொன்னால் உலர வையுங்கள். அளவும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். சிறிய வண்டிகளில் 40 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், பெரிய வண்டிகளில் 100-ஐத் தாண்டியும் இருக்கும் என்பது மேலோட்டமான கணக்கு மட்டுமே. புத்தகம் சொல்வதே முடிவு.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் கை நிதானத்தை நம்ப வேண்டாம். மூட்டை நிறுக்கும் கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். நட்டின் மையத்திலிருந்து சரியாக 30 செ.மீ. தள்ளி ஸ்பானரின் கைப்பிடியில் கொக்கியை மாட்டுங்கள். கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 15 கிலோ காட்டினால் நட்டில் சுமார் 44 நியூட்டன் மீட்டர் விழுகிறது. 20 கிலோ என்றால் சுமார் 59. சாய்வாக இழுத்தால் கணக்கு தவறும். இதைத் தராசுக் கடையில் கற்றுக்கொண்டதாக நினைக்காதீர்கள், டார்க் ரெஞ்சுக்குள் இருப்பதும் இதே கணக்குதான். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு நல்லது. இறுக்க மட்டும் அதை எடுக்காதீர்கள், எவ்வளவு இறுக்கினோம் என்று அது சொல்லாது.

முதலில் பாதி அளவுக்கு இறுக்கி நிறுத்துங்கள். ஹவுசிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையின்றிச் சுழல வேண்டும். பிறகு முழு அளவு. மறுபடி சுற்றிப் பாருங்கள். இப்போது ஹவுசிங் இறுகிப்போனால் உள்ளே ஒரு வாஷரோ புஷ்ஷோ விடுபட்டிருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. நேர்மாறாக, நட் முழுதாக இறுகியும் சென்டரைப் பிடித்து வெளியே இழுத்தால் அசைகிறது என்றால் நட் மரை முடிந்து முட்டி நிற்கிறது, சென்டரை அது தொடவே இல்லை. இந்த இரண்டு சோதனையும் ஒரு நிமிட வேலை. செய்யாமல் கவரை மூடாதீர்கள்.

அதன் பிறகு காது. காதும் நட்டின் தட்டைப் பக்கமும் நேராக வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தி நேராக்கக் கூடாது. புத்தகம் தரும் அளவுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை இருக்கும். அந்த எல்லைக்குள் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர்ப்படுத்துங்கள். முடியாவிட்டால் வேறொரு காதை மடியுங்கள். கூரான உளியால் குத்தாமல், அகலமான பஞ்சால் நிமிர்த்தி, பிளையரால் அழுத்தி நட்டோடு முழுதாக ஒட்டவையுங்கள். பாதி மடங்கிய காது நட்டுக்குத் திரும்ப இடம் கொடுக்கும்.

மரைப் பசை

கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில், டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரிபிள் 1950-களில் உருவாக்கியதுதான் இன்று லாக்டைட் என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் பசை. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருக்கும். காற்று இல்லாமல் உலோகத்துக்கு நடுவில் நெருங்கி அடைபட்டால் கெட்டியாகும். அதனால்தான் குப்பியைப் பாதி நிரப்பி விற்கிறார்கள், மீதிப் பாதி காற்று. குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். கடையில் அனபாண்ட் என்று கேட்டால் பேக்கிங்குக்குப் பூசும் பசையை எடுத்துத் தருவார்கள். த்ரெட் லாக்கர் என்று சொல்லிக் கேளுங்கள்.

நீல வகை நடுத்தரம், சாதாரண ஸ்பானரால் கழற்றலாம். சிவப்பு வகையைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டிவரும். பக்கத்தில் பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கும் இடத்தில் அந்தச் சூட்டைக் காட்டுவது நல்லதல்ல, புத்தகம் சொன்னால் மட்டுமே சிவப்பு. காது வாஷரோ குத்தி மடக்கும் நட்டோ உள்ள இடத்தில், மரைக்கு ஆயில் தடவச் சொல்லியிருந்தால் பசையே வேண்டாம். பசை போடும் இடத்தில் மரை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துளி போதும், வழிந்து பேரிங்குக்குள் போனால் வேறு வேலை வந்துவிடும். முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள்.

ஸ்பிரிங் போல்ட்

நான்கோ ஐந்தோ ஆறோ இருக்கும். பொதுவாக 6 மி.மீ. மரை, அலுமினியத் தூணில் ஏறும். இங்கே ஆபத்து மறுபக்கம்: தளர்ச்சியைவிட மிகை இறுக்கத்தால்தான் அதிகம் கெடுகிறது. சுமார் 10 நியூட்டன் மீட்டரில் முடிந்துவிடும் வேலை இது, இரண்டு விரலால் சிறிய ஸ்பானரைப் பிடித்து இறுக்கும் அளவு. நீளக் கைப்பிடியோடு இறங்கினால் மரை வழுக்கும் அல்லது தூண் ஒடியும். எதிர் எதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். போல்ட் அடிக்கடி தளர்ந்தால் தூணின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில் போட்டுக் காப்பாற்றலாம்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் அந்த வண்டியின் பழைய வகைகளில் என்ஜினையும் கிளட்சையும் இணைப்பது பிரைமரி செயின். அது மிக இறுக்கமாக இருந்தால் கிளட்சை ஓயாமல் ஒரு பக்கம் இழுக்கும், உள்ளே இருக்கும் எல்லாமே அந்த இழுப்பில் தேயும். செயினைச் சுற்றிச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் சுமார் 6 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வையுங்கள்.

மூடிய பிறகு

ஆயில் ஊற்றும்போது குப்பியில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்த்திருக்கும் பொருள் கிளட்சை வழுக்கவைக்கலாம். நட் சரியாக இருந்தும் பிளேட் ஸ்லிப் ஆகும், நீங்கள் மறுபடி கவரைத் திறப்பீர்கள்.

கவரை மூடும் முன் நட்டின் விளிம்பிலிருந்து ஷாஃப்ட் முனைவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஆயிலைத் துடைத்துவிட்டு இழுத்தால்தான் ஒட்டும். அடுத்த முறை எதற்காகத் திறந்தாலும் கோடு உடைந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும்.

லீவர் பிளேவைச் சரிசெய்து, அட்ஜஸ்டரின் லாக் நட்டை இறுக்கி, அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் பிளே எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் வண்டியின் நோட்டில் எழுதுங்கள். முதல் ஒரு வாரம் தினமும் காலையில் அளந்து அதன் கீழேயே எழுதிவாருங்கள். புதுப் பிளேட் போட்டிருந்தால் முதல் நூறு கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மாறலாம், பிறகு நிற்க வேண்டும். நிற்காமல் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் இன்னும் ஓட்டிப் பார்க்காதீர்கள், கவரைத் திறங்கள்.

300 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை ஒரு சுத்தமான வெள்ளைத் துணி வழியாக வடித்து, துணியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மினுங்கும் துகள் எதுவும் இல்லையென்றால் அந்த ஆயிலையே திரும்ப ஊற்றிவிடலாம்.